எதிர்ச்சுவரில் சித்தி

பள்ளிக்கூடத்து வெளிச்சுவரில் சமாதானம் வரையலாம் என்று ஓவிய டீச்சர் சொன்னதும் பிள்ளைகள் எல்லோரும் புறாவுக்குத் தயாரானார்கள். டீச்சருக்கோ புறாவைக் கண்டாலே ஆகாது. "பறவையெல்லாம் வேண்டாம். உங்க வீட்டுல யாரோட பேச்சுவார்த்தை இல்லையோ, அவங்களை ஆள் உயரத்துக்கு வரையுங்க. திறப்பு விழாவுக்கு அவங்களையே கூப்பிட்டுக் காட்டலாம்" என்றார். ஆள் கிடைக்காமல் பிள்ளைகள் திண்டாடப் போகிறார்கள் என்று நினைத்தார், பாவம். ஒரு பையன் எழுந்து, தனக்கு இரண்டு பேருக்கு இடம் வேண்டும் என்று கேட்டான்.

வாலு யோசிக்கவே இல்லை. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவளுக்குச் சித்தி வேண்டும். சித்தி நர்ஸ். முன்பெல்லாம் வேலை முடிந்து நேரே வாலுவின் வீட்டுக்குத்தான் வருவாள். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த பெரிய மனிதர்களைப் பற்றிச் சொல்லி, வாலுவை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாள். ஒரு வருஷமாக அது இல்லை.

காரணம் ஒரு கவுன். அம்மா தையல்காரி. அவள் தங்கையோ தோழியின் கல்யாணத்துக்கு ரெடிமேட் கவுனை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கல்யாணத்துக்கென்று அக்கா தனக்காகத் துணி வெட்டி வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. அக்காவும் வாயைத் திறந்து சொல்லவில்லை. "இனிமே அந்தக் கடைக்காரியையே அக்கான்னு கூப்பிட்டுக்கோ" என்று மட்டும் சொன்னாள். சித்திக்கும் மூக்குக்கு மேல் கோபம். அன்றிலிருந்து இந்தத் தெருப் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அம்மாவின் கடை பள்ளிச் சுவருக்கு நேர் எதிரே. வாலு சண்டை போட்டு அந்த இடத்தைத்தான் பிடித்தாள். பிடித்து, சித்தியை வேண்டுமென்றே அலங்கோலமாக வரைந்தாள். தோள் பலகை மாதிரி நேராக இருந்தது. ஒரு கை முழங்காலைத் தொட்டது. உடுப்பு என்று சாக்கு போல ஒன்று.

மிஷினில் குனிந்தால் துணி, நிமிர்ந்தால் சுவர். முதல் நாள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனாள். மறுநாள் ஊசியை உடைத்தாள். யாருடைய சட்டைக்கோ காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்து, திட்டிக்கொண்டே பிரித்தாள். அதற்கடுத்த நாள் தெருவைத் தாண்டி வந்தேவிட்டாள்.

"யாருடி இது?"

"சித்திம்மா."

"இதுவா? கண்ணை எங்கடி வெச்சிருக்கே? அவளுக்கு இடது தோள் ஒரு விரல் இறக்கம். பிறந்ததிலேர்ந்து அப்படித்தான்."

"எனக்கென்னம்மா தெரியும்? பார்த்தே ஒரு வருஷம் ஆச்சு" என்றாள் வாலு, பால் வடியும் முகத்தோடு.

அம்மா துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்தாள். தோளை இறக்கினாள், கையைக் குறைத்தாள், இடுப்பை வளைத்தாள். சாக்கு இருந்த இடத்தில் ஒரு கவுன் வந்தது. சின்னக் காலர், முழங்கை வரை கை, இடுப்பில் நெருக்கமான மடிப்புகள். "படம் நல்லா இருக்கணுமேன்னுதான். நான் ஒண்ணும் ராசியாகலை" என்று சுவரிடம் சொன்னாள். வாலு மும்முரமாகச் சாயம் கலக்கினாள். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தாள்.

சித்தி வருவாளா என்பதுதான் அவளுடைய ஒரே பயம். அதனால் ஆஸ்பத்திரிக்கே போய், "உன்னை அசிங்கமா வரைஞ்சு வெச்சிருக்காங்க சித்தி, ஊரே பார்க்குது" என்று பற்றவைத்துவிட்டு ஓடி வந்தாள். அந்த ரோஷக்காரி வராமல் இருப்பாளா?

விழாவன்று சித்தி சுவரெதிரே வந்து நின்றாள். மேலும் கீழும் பார்த்தாள். "இப்படி ஒரு கவுன் எங்கிட்ட இல்லவே இல்லையே" என்றாள், பொதுவாக.

"பொறுத்திருந்தா இருந்திருக்கும். வெட்டின துணி வெட்டினபடியே கிடக்கு" என்றாள் அம்மா, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து.

சித்திக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் காது சிவந்தது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை; சண்டைதான் வாயில் வந்தது.

"அதுக்காக இடுப்பை இவ்வளவு பெரிசாவா போடறது? நான் ஒண்ணும் இத்தனை குண்டு இல்லை."

"உன் இடுப்பு எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவேன்."

"அது போன வருஷத்து இடுப்பு!"

"பார்த்துடலாமா?"

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, அத்தனை பேர் முன்னாலும் தங்கையின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். பிள்ளைகள் யார் ஜெயிப்பார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். அம்மா டேப்பைப் பார்த்தாள். இழுத்துப் பிடித்து மறுபடியும் பார்த்தாள். அவளுடைய வீராப்பு போன இடம் தெரியவில்லை.

"ஏண்டி," என்றாள் மெதுவாக, "இப்படி இளைச்சுப் போயிட்டே? வேளைக்குச் சாப்பிடறியா, இல்லையா?"

சித்தி இதற்கும் எதிர்ப்பேச்சு பேசத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. டேப்பை விடாமலே அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இப்படி அழவைப்பது வாலுவின் திட்டத்திலேயே இல்லை; அவளும் சேர்ந்து அழுதாள்.