ஒற்றை மிளகாய்

மெக்சிகோவின் புவெப்லா சந்தையில் எந்தக் கடையில் என்ன தின்னலாம் என்று ஊருக்குச் சொல்லும் வலைத்தளம் ஒன்றில் நெரெய்தாவுக்கு வேலை. நட்சத்திரம் எதற்கு, அது எல்லா ஊர்க்காரனும் வைப்பது, நம் ஊருக்கு மிளகாய்தான் என்று ஐந்து குட்டி மிளகாய்களை வரைந்து வைத்தவளும் அவளே. பிடித்திருந்தால் ஐந்தையும் தொடலாம், பிடிக்காவிட்டால் ஒன்று. இதில் விளக்க என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தக் கொழுப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

காலையில் அவள் உட்காருவது ஒதிலியாவின் கடைப் பெஞ்சில். ஒதிலியா விற்பது பால்சோறு. அரிசியைப் பாலில் குழைய விட்டு, சர்க்கரையும் பட்டையும் போட்டது. தின்கிறவர்கள் கிண்ணத்தை வழித்து நக்குவார்கள். தளத்திலோ அவளுக்கு ஒற்றை மிளகாய், பட்டியலில் கடைசி இடம். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். இரண்டு வரிசை தள்ளி, சோள ரொட்டியில் காரக் கறி மடித்துத் தரும் டாக்கோ கடை போட்டிருக்கும் சொந்தத் தங்கை சோய்லாவும் தன் பெயரிலேயே அவளுக்கு ஒரு மிளகாய் போட்டிருந்தாள். சோய்லாவின் கடைக்கு ஐந்து, முதலிடம். அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது. ஈஸ்டருக்குக்கூட ஒரே வீட்டில் சாப்பிடவில்லை.

"மூஞ்சிக்கு முன்னாடி ஆகா ஓகோன்னுட்டு, முதுகுல குத்துறாங்க," என்றாள் ஒதிலியா. "கூடப் பொறந்தவளே அப்படின்னா யாரைச் சொல்ல? இந்த வாரத்தோட கடையை மூடிடலாம்னு இருக்கேன், கண்ணு."

அப்போது பக்கத்திலிருந்த டாக்சிக்காரர் கரண்டியை நக்கியபடியே போனை எடுத்து ஒரு மிளகாயைத் தொட்டார்.

"ஏண்ணே, நல்லா இல்லையா?" என்று கேட்டாள் நெரெய்தா.

"யார் சொன்னது? தேவாமிர்தம்."

"அப்புறம் ஏன் ஒண்ணு?"

"பால்சோத்துல காரம் ஏதும்மா? சைபர் போடத்தான் பாத்தேன், ஒண்ணாவது தொட்டாத்தான் விடுது. எவன் பண்ண வேலையோ, மண்டையில மசாலா இல்ல."

மண்டையில் மசாலா இல்லாதவள் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். நேரே அலுவலகம் போனாள். மிளகாயைக் காரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினாள். ருசிக்குப் படமே வேண்டாம் என்று சொற்களை வைத்தாள்: 'மறுபடி வருவேன்', 'ஒரு தடவை போதும்', 'வேண்டாம்'. பழையதை எல்லாம் எடுத்துவிட்டு, போட்டவர்களிடமே புதிதாகக் கேட்டாள். பிறகு ஒதிலியாவிடம் ஓடிவந்து, தப்பு தன்னுடையது என்று மூச்சிரைக்கச் சொல்லி முடித்தாள்.

ஒதிலியா அவளைத் திட்டக்கூட இல்லை. ஒரு கிண்ணம் நிறையப் பால்சோற்றை எடுத்துக்கொண்டு தங்கை கடைக்கு நடந்தாள். நெரெய்தாவும் பின்னாலேயே போனாள்.

"ஏண்டி, அந்த ஒண்ணு காரத்துக்கா போட்டே?"

"பின்ன எதுக்காம்?" என்றாள் சோய்லா. "குழந்தைங்களுக்கும் கொடுக்கலாம்னு நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னு போட்டேன். நீ மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டே. நான் என்ன பாவம் பண்ணேன்னே எனக்குத் தெரியலக்கா."

ஒதிலியா கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தாள். "சாப்பிடு. ஆறிடும்."

சோய்லா கரண்டியை எடுத்தவள் தயங்கினாள். "ஒண்ணு சொல்லணும். பேச்சு இல்லாதப்பவும் தினமும் இதைத்தான் சாப்பிட்டேன். மூட்டை தூக்குற மெல்கோரை அனுப்பி வாங்கிக்குவேன்."

"தெரியும்டி," என்றாள் ஒதிலியா. "அவனுக்குச் சர்க்கரை வியாதி. அவன் வந்து இனிப்புக் கேட்டா யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? அதான் தினமும் ரெண்டு கரண்டி கூடப் போட்டுக் கொடுத்தேன்."