ஒரு ஆள் எடை அதிகம்

வீப்கே கணவன் கார்ஸ்டெனின் கறுப்புக் கோட்டின் தோள்பட்டையைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மதியம் மணி இரண்டே முக்கால். மூன்று மணிக்கு ஊரின் மேலாகப் புது வான்கப்பல் போகப்போகிறது என்று குக்ஸ்ஹாஃபென் பத்திரிகைகள் ஒரு வாரமாக எழுதித் தள்ளியிருந்தன. இது குண்டு போடுகிற கப்பல் இல்லை. பணக்காரர்கள் வெள்ளைத் துணி விரித்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டே அமெரிக்காவுக்குப் போகிற கப்பல். கடற்கரை மேட்டில் மேடை போட்டாயிற்று, தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியமும் வந்து இறங்கியாயிற்று. கார்ஸ்டென்தான் பேச வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போருக்குப் போய்த் திரும்பாத கப்பலின் ஆட்களை நாலு வார்த்தையில் நினைவுகூர்ந்து, வழக்கம்போல நூல் எடுத்த கதையைச் சொல்லி, கொடியை ஏற்றிவிட்டு வர வேண்டும். அந்தக் கதை தெரியாதவர்கள் ஊரில் இல்லை. இருந்தும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார்கள்.

"நான் வரலை," என்றான் கார்ஸ்டென்.

"வயித்து வலியா, சோம்பேறித்தனமா? ரெண்டுக்கும் என்கிட்ட மருந்து இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். கீழே முற்றத்தில், வெட்டித் தைத்து முடித்த கூடாரத் துணி கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. போருக்குப் பிறகு படகுப் பாய் தைப்பதைவிட, கடலில் குளிக்க வருகிறவர்களுக்குக் கூடாரம் தைப்பதில்தான் அவனுக்குப் பிழைப்பு ஓடியது. நல்ல பிழைப்புதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் உன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் எது என்று யாராவது கேட்டால் அவனுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கும். நார்ட்ஹோல்ட்ஸ் வான்கப்பல் முகாமில் கழிந்த அந்தப் போர்க்காலம்தான். சைக்கிளில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போர் முடிந்ததிலிருந்து அந்தப் பக்கம் அவன் சைக்கிளைத் திருப்பியதில்லை. மனம் மட்டும் தினமும் போய் வந்தது. காற்றடிக்கும் திசைக்கு ஏற்ப மொத்தக் கட்டடமும் சுழலும் கொட்டகை, கயிற்றைப் பிடித்து நிற்கும் இருநூறு பேரின் சத்தம், அதற்குப் பின்னால் பசை காய்ச்சும் பட்டறை. கப்பலின் வயிற்றுக்குள் வரிசையாகத் தொங்கும் வாயுப் பைகளை மாட்டுக் குடலின் தோலை ஒட்டித்தான் செய்வார்கள். ஒரு கப்பலுக்கு லட்சக்கணக்கான மாடுகளின் குடல் வேண்டும். நாட்டில் எந்தக் கசாப்புக்காரனும் குடலை வெளியே விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. குடலில் இறைச்சியை அடைத்துச் செய்கிற சாசேஜ் ஜனங்களுக்குத் துணிப்பையில் அடைத்துக் கிடைத்தது, அதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பட்டறையில் நாற்பது பெண்கள் தண்ணீர்த் தொட்டியில் குடலைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் வாய் அதிகம் உள்ளவள் வீப்கே.

ஓன்னோ அவளைத் தேடி அங்கே போவான். துணைக்குக் கார்ஸ்டெனையும் இழுத்துக்கொண்டு போவான். ஓன்னோ தீவுக்காரன், கப்பலுக்குக் கீழே தொங்கும் பின்கூண்டில் இயந்திரம் பார்க்கிறவன், தலையில் தொப்பி நேராக நிற்காது. கார்ஸ்டென் அதே கப்பலில் வாயுப் பைகளில் விழும் ஓட்டைகளை ஒட்டுகிறவன்.

"நாம பறக்கறது கப்பல்லயாடா?" என்பான் ஓன்னோ. "ஊர்க்காரன் வாயிலேருந்து புடுங்கின சாசேஜுக்குள்ள உக்காந்து பறக்கறோம். இங்கிலாந்துக்காரன் சுட்டான்னா நம்மளத் தின்னுட்டுப் போகட்டும்."

"உன்னைத் தின்னா அவனுக்கு வயித்தால போகும்," என்பாள் வீப்கே தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. அவள் கையில் எப்போதும் பசை வாடை இருக்கும். அந்தக் கையை ஓன்னோ எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொள்வான். கார்ஸ்டென் பார்க்காத மாதிரி கூரையைப் பார்ப்பான்.

அது உயரத்துக்கு நடந்த போட்டி. இங்கிலாந்துக்காரனின் விமானம் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அதற்கு மேலே கப்பல் ஏற வேண்டும். ஏற வேண்டுமென்றால் இளைக்க வேண்டும். முதலில் நாற்காலிகள் போயின, பிறகு படுக்கைகள், பிறகு சில துப்பாக்கிகள், கடைசியில் பாராசூட்களும் போயின. கேப்டன் ஆட்களின் சட்டைப் பையிலிருந்த சில்லறைக் காசைக்கூட வாங்கி வைத்துவிட்டார். ஆறாயிரம் மீட்டர் உயரத்தில் ரொட்டி கல்லாகிவிடும். மூச்சுக்கு ஒரு குழாய் உண்டு, அதை வாயில் வைத்தால் எண்ணெய் கசக்கும். அந்த உயரத்தில் சிலர் காரணமில்லாமல் அழுவார்கள், சிலர் சிரிப்பார்கள். யாராவது சிரித்தால் ஏன் என்று கேட்பதில்லை. காற்றுப் போதவில்லை என்று குழாயை அவன் வாயில் திணித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வேலையை யார் செய்வது, மிச்ச சாக்லேட் யாருக்கு என்று முடிவு செய்யத் தீக்குச்சி எடுக்க முடியாது. வாயு நிறைந்த கப்பலில் தீக்குச்சி கொண்டுவந்தால் சிறைதான். சுண்டிப் போடக் காசும் இல்லை. அதனால் கார்ஸ்டெனின் மெழுகு தடவிய கறுப்பு நூல்தான் சீட்டு. ஒன்று நீளம், ஒன்று குட்டை. முஷ்டிக்கு மேலே நுனிகளைச் சமமாக நீட்டி வைத்துக்கொள்வான். நீளம் எடுத்தவன் கஷ்டப்பட வேண்டும். நூல் கார்ஸ்டெனுடையது என்பதால் பிடிப்பதும் எப்போதும் அவன்தான். ஓன்னோ ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழாம் வருஷம் அக்டோபர் மாதம், ஒரு மதியம். புறப்படும் முன் கொட்டகைக்குள்ளேயே எடை பார்ப்பார்கள். கயிற்றைத் தளர்த்திவிட்டால் கப்பல் தரையிலும் ஒட்டாமல் மேலேயும் போகாமல் அப்படியே மிதக்க வேண்டும். அன்று மிதக்கவில்லை. பின்கூண்டில் ஓன்னோவும் கார்ஸ்டெனும் இன்னொரு இயந்திரக்காரன் யான்செனும் இருந்தார்கள். கேப்டன் முன்கூண்டிலிருந்து கத்தினார்.

"ஒரு ஆள் எடை அதிகம்! பின்கூண்டுல யான்சென் ஒருத்தன் இயந்திரத்துக்குப் போதும். மத்த ரெண்டு பேர்ல ஒருத்தன் எறங்கு!"

ஓன்னோ கார்ஸ்டெனைப் பார்த்துக் கண்ணடித்தான். "எடுடா உன் நூலை."

கார்ஸ்டென் திரும்பி நின்று கத்தியால் இரண்டு துண்டு வெட்டினான். அதற்கு முந்தைய பயணத்தில் அவன் விரல்கள் விறைத்து, ஒரு மணி நேரம் எதுவும் தெரியாமல் கிடந்திருந்தான். அந்த ஒரு மணி நேரம்தான் அப்போது ஞாபகம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. இரண்டையும் நீளமாகவே, ஒரே அளவில் வெட்டினான். ஓன்னோ ஒன்றை உருவி, நீளத்தைப் பார்த்துச் சிரித்தான். கார்ஸ்டென் கையில் மிஞ்சியதைக் கூண்டின் தரையில் உதறிவிட்டு, நண்பனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குதித்தான். கப்பல் மெதுவாக மிதந்தது.

கீழே அன்று இலைகூட அசையவில்லை. மேலே புயல். அந்த உயரத்துக்கு அதற்கு முன் போனவர்களே குறைவு, அங்கே காற்று எப்படி அடிக்கும் என்று வானிலைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? காற்று கப்பலை இங்கிலாந்தைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போய்ப் பிரான்ஸ் காட்டில் போட்டது. ஓன்னோ மூன்று வாரம் கழித்து, கைதிகளின் ஆஸ்பத்திரியில் நுரையீரல் கெட்டுச் செத்தான். பக்கத்துக் கட்டிலில் கிடந்த யான்சென் போர் முடிந்து, இருபதாம் வருஷம் வந்து, ஓன்னோவின் புகையிலை டப்பாவை வீப்கேயிடம் கொடுத்துவிட்டுப் போனான். அன்று கார்ஸ்டென் வேலை இருப்பதாகச் சொல்லி அவனைப் பார்க்கப் போகவில்லை. அடுத்த வருஷம் வீப்கேவும் கார்ஸ்டெனும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதற்கும் அடுத்த வருஷம், பழைய வீரர்கள் கூட்டத்தில் யாரோ வற்புறுத்தி அவனை முதல் தடவையாகக் கதை சொல்லவைத்தார்கள். 'நீளம் அவனுக்கு, குட்டை எனக்கு.' கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

"எழுந்திரு," என்றாள் வீப்கே. "ஓன்னோவோட அப்பா காலைப் படகுலயே வந்தாச்சாம். முதல் வரிசையில உக்காந்திருக்காராம்."

அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கிழவர் ஒவ்வொரு வருஷமும் தீவிலிருந்து வருவார். கதை முடிந்ததும் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். 'விதிப்பா, நீ என்ன பண்ணுவே?' என்பார்.

"வீப்கே. நூல் ரெண்டுமே நீளம்."

அவள் பிரஷ்ஷை நிறுத்தினாள்.

"நான்தான் அப்படி வெட்டினேன். அவன் எதை எடுத்திருந்தாலும் அவன்தான் போயிருப்பான். எனக்குப் பயமா இருந்துச்சு." சொல்லிவிட்டான். பன்னிரண்டு வருஷம் தொண்டையில் இருந்தது வெளியே வர இவ்வளவு நேரம்தான் ஆனது. "இதைச் சொன்னா நீ போயிடுவேன்னு நெனச்சேன். உனக்காகத்தான் பண்ணேன்னு நீ நெனச்சுப்பே. ஊரும் அதைத்தான் சொல்லும்."

"எனக்காகப் பண்ணினியா?"

"இல்லை. சத்தியமா இல்லை. அப்ப உன் நெனப்பே வரலை."

"அப்படியா," என்றாள். கோட்டை நாற்காலியின் முதுகில் மாட்டினாள். "அதுவும் கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு."

அவள் அலமாரியைத் திறந்தாள். துணிகளுக்கு அடியிலிருந்து புகையிலை டப்பாவை எடுத்தாள். கார்ஸ்டென் அதை அதுவரை பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. மூடியைத் திறந்து, மேசை மேல் இரண்டு கறுப்பு நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். மெழுகு பழுத்து, நுனிகள் கொஞ்சம் பிரிந்திருந்தன. ஒரே நீளம்.

கார்ஸ்டென் ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். அந்த இன்னொரு நூலைக் கூண்டின் தரையில் போட்டது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் அவன் யோசித்ததே இல்லை.

"மேல போனதும் கீழ கெடந்ததை எடுத்தானாம்," என்றாள் வீப்கே. "பையில இருந்ததை எடுத்து ரெண்டையும் அளந்து பார்த்தானாம். சிரிச்சானாம். காத்துப் போதலைன்னு யான்சென் குழாயை வாயில திணிச்சானாம். துப்பிட்டு மறுபடி சிரிச்சானாம். ஏன்னு கடைசிவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலையாம்."

"நீ எப்போ..."

"யான்சென் சொன்னப்ப எனக்கு ஒண்ணும் புரியலை. நீ மொதமொத மேடையில கதை சொன்ன அன்னிக்குப் புரிஞ்சுது. நம்ம கல்யாணம் ஆகி ஒரு வருஷம். வீட்டுக்கு வந்து இதைத் தொறந்து பார்த்தேன்." அவள் குரல் உயரவில்லை. "நாலு வருஷம் கோபமா இருந்துச்சு. உனக்குச் சூப்புல உப்பு ஜாஸ்தியா இருந்தது எல்லாம் அந்த நாலு வருஷம்தான். அப்புறம் என்னன்னு எனக்கே தெரியலை. நீ கதை சொல்ற ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவையாவது மாத்திச் சொல்லுவியான்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அவனுக்கு அழுகை வந்தது. ஓன்னோ சிரித்ததை நினைத்துத்தான் வந்தது. கோபத்தில் சிரித்தானா, இல்லை, பட்டறையில் சாசேஜ் ஜோக் சொல்லிவிட்டுச் சிரிப்பானே, அப்படியா? அதைக் கேட்க இப்போது ஆளில்லை. யான்செனும் இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் போய்ச்சேர்ந்துவிட்டான்.

தூரத்தில் பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. அதற்கும் அடியில் இன்னொரு சத்தம், வயிற்றில் முதலில் கேட்டுப் பிறகு காதில் கேட்கும் சத்தம். எத்தனை வருஷம் ஆனாலும் அவனுக்குத் தெரியும். ஐந்து இயந்திரங்கள். ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பித்தது.

"நான் என்ன செய்யட்டும்?" என்றான்.

வீப்கே மேசையிலிருந்த நூல்களை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் கைகள் தெரியவில்லை. திரும்பியபோது வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பசை வாடை போய் எவ்வளவோ காலமாகிவிட்ட கை.

"நீளம் வந்தா, மேடை ஏறி அவன் அப்பா மூஞ்சியைப் பார்த்து உள்ளதைச் சொல்லு," என்றாள். "குட்டை வந்தா வீட்டுலயே இரு. எடு."

முற்றத்தில் காய்ந்த கூடாரத் துணியின் மேல் வான்கப்பலின் நிழல் ஏற ஆரம்பித்தது. அவள் மூடிய முஷ்டிக்கு மேலே இரண்டு கறுப்பு நுனிகள் சமமாக நீட்டிக்கொண்டு, இயந்திரச் சத்தத்துக்கு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. கார்ஸ்டென் விரலை நீட்டினான்.