வலது நாலு, வெட்டாதீங்க

போத்தனூர் ஃபெமினாவின் குரல் இரண்டு வருடத்துக்கும் மேலாக அவள் வீட்டு டிவிக்குள் இருந்தது. அவள் வெளியே இருந்தாள். சமைத்தாள், துவைத்தாள், பள்ளிக்கூடம் போய் கரும்பலகையில் எழுதியே எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவோடு வாயை மூடிக்கொண்டு நின்றாள். குரல் மட்டும் ஹாலில், கார் ஓட்டும் விளையாட்டுக்குள் உட்கார்ந்து, அவள் புருஷன் வின்ஸ்டனுக்கு வளைவு சொல்லிக்கொண்டிருந்தது. தெருவில் யாரும் இதை ரொம்பப் பேசவில்லை. அந்த வருடங்களில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பதே யாருக்கும் தெரியாமல் இருந்தது. பேசுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

வின்ஸ்டன் சுந்தராபுரம் போகிற ரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்தான். கோயமுத்தூரில் பம்ப் செய்கிறவனுக்கும், நூல் மில் வைத்திருக்கிறவனுக்கும், ஒர்க்‌ஷாப்காரனுக்கும் ரேஸ் ஒரு பொது வியாதி. காசுள்ளவனுக்குச் சீக்கிரம் வரும், இல்லாதவனுக்குக் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். வின்ஸ்டனுக்கு வந்தது ராலி. மண் ரோட்டில் ஒவ்வொரு காராக விடுவார்கள், நேரம்தான் எதிரி. டிரைவர் பக்கத்தில் நேவிகேட்டர் உட்கார்ந்து, அடுத்து என்ன வளைவு என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ஒன்று என்றால் கொண்டை ஊசி, ஆறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். வளைவின் உள்பக்கம் புல்லில் ஏறி ரோட்டைச் சுருக்கிக்கொள்வதற்குப் பெயர் வெட்டுவது. உள்ளே கல்லோ குழியோ இருந்தால் ‘வெட்டாதீங்க’ என்று சொல்லிவிட வேண்டும். வின்ஸ்டனுக்கு ஃபெமினாதான் நேவிகேட்டர். கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான், கல்யாணமே அதனால்தான். இரண்டு வளைவு முன்கூட்டியே சொல்லிவிடுவாள், ஒரு முறை கூடப் பிசகியதில்லை. அவள் இடது என்று சொன்னால் ரோடு வேறு வழியில்லாமல் இடது பக்கம் திரும்பும் என்று கிளப்பில் பேசிக்கொள்வார்கள்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடுகிற ஒரு மண் ரோட்டில், வாய்க்கால் ஓரத்து வளைவுக்கு அவள் ‘வலது நாலு, வெட்டாதீங்க’ என்று சொன்னாள். வின்ஸ்டன் வெட்டினான். விழுந்து கிடந்த தென்னை மட்டைகளுக்கு அடியில் எல்லைக்கல் இருந்தது. கார் மூன்று முறை புரண்டு வாய்க்காலுக்குள் போய் உட்கார்ந்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவளுக்குக் கழுத்தெலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியில் கழுத்துப்பட்டையோடு திரைக்கு இந்தப் பக்கம் அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, அவளுடைய அப்பா பிரகாசம் வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்று மாப்பிள்ளையிடம் என்ன நடந்தது என்று கேட்டார்.

“ஃபெமினா லேட்டா சொல்லிப்போட்டாளுங்க, மாமா.”

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். குரல் இல்லை. அப்போதுதான் போயிருக்க வேண்டும், ஏனென்றால் சற்று முன்புதான் நர்ஸிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருந்தாள். அவிநாசி ரோட்டுப் பெரிய டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, குரல்தான் இல்லை என்றார். பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்தார். வின்ஸ்டன் கிளப்பிலும் கடையிலும் சர்ச் வாசலிலும் அதே வாக்கியத்தைச் சொன்னான். பாவம், அவ மேல தப்பு சொல்லக்கூடாது, ஒரு நொடி அசந்துபோட்டா என்று இரக்கமாகவும் சொன்னான். அந்த இரக்கத்தைக் கேட்கும்போதுதான் ஃபெமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர் நம்பியதை அவள் பொறுத்துக்கொண்டாள். அப்பா நம்பியதுதான் அவளால் தாங்க முடியவில்லை. பிரகாசம் போத்தனூர் ஜங்ஷனில் ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இன்ஜினில் இரண்டு பேர் இருப்பார்கள். சிக்னலைப் பார்த்தவுடன் ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பச்சை என்றால் பச்சை, மஞ்சள் என்றால் மஞ்சள். வேலைக்காலம் முழுக்க அப்படிச் சொல்லியும் திருப்பிச் சொல்லியும் பழகியவரால், கொலையைக் கூட மன்னிக்க முடியும், லேட்டாகச் சொன்னதை மன்னிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல வந்தார். மகள் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அவள் ஒரு தாளில் ‘நான் நேரத்துக்குச் சொன்னேன் அப்பா’ என்று எழுதி நீட்டினாள். படித்தார், மடித்தார், தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எழுதறப்ப எல்லாரும் நேரத்துக்குத்தான் எழுதுவாங்க, அம்மணி.”

அதற்குப் பிறகு அவள் எழுதிக் காட்டவில்லை.

இனி நிஜ ரோட்டில் ராலி ஓட்டுவதில்லை என்று வின்ஸ்டன் சபதம் செய்திருந்தான். அவனுடைய காருக்கு மெக்கானிக்காக இருந்த கதிர்வேல், மனுஷன் வாடிப்போய்க் கிடக்கிறானே என்று வெளிநாட்டிலிருந்து வந்த மச்சானிடம் சொல்லி ஒரு கேம் பெட்டியும் ஸ்டீரிங்கும் வரவழைத்துக் கொடுத்தான். ஸ்டீரிங்கைச் சாப்பாட்டு மேஜையில் முறுக்கி மாட்டினார்கள், பெடலை நகராமல் சுவரோடு முட்டுக்கொடுத்தார்கள். விளையாட்டு என்று பேர்தானே ஒழிய, சக்கரம் சரளையில் ஏறினால் கை நடுங்கும், பனியில் வழுக்கினால் ஸ்டீரிங் லேசாகிவிடும், இடித்தால் ரேடியேட்டர் உடைந்து கார் வழியிலேயே நின்றுபோகும். முதல் நாள் சாயந்தரம் பின்லாந்து ரோடு திரையில் வந்தது. இங்கிலாந்துக்காரன் ஒருவன் வளைவு சொல்ல வேண்டிய இடத்தில், “எடது மூணுங்க, மேடு தாண்டி வலது அஞ்சு, பாத்து வாங்க” என்று ஃபெமினா சொன்னாள். நிஜ ஃபெமினா அப்போது அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். கதிர்வேல் மொழி செட்டிங்கைத் தேடிப் பார்த்தான். இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் இருந்தது, கொங்குத் தமிழ் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டதற்குப் பெட்டியை அணைத்து மறுபடி போடச் சொன்னார்கள். போட்டார்கள். மறுபடியும் ஃபெமினாதான் சொன்னாள்.

வின்ஸ்டன் கடை அடைத்துவிட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவான். வேல்ஸ் மழை, கிரீஸ் புழுதி, சுவீடன் பனி எல்லா இடத்துக்கும் அவள் கூடவே போனாள். அவன் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் ஃபெமினா தானே ஸ்டீரிங்கைப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலாந்துக்காரன்தான் பேசினான். அவளுடைய குரல் அவனுக்கு மட்டும்தான் வந்தது. ஆரம்பத்தில் கிளப் ஆட்கள் பார்க்க வந்தார்கள், அவள் அவர்களுக்குக் காபி கொடுத்தாள். கொஞ்ச நாளிலேயே வந்தவர்கள் திரையை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்க ஆரம்பித்தார்கள். எந்த நாட்டு ரோடாக இருந்தாலும், எவ்வளவு வேகமாகப் போனாலும், அது இரண்டு வளைவு முன்கூட்டியே சொன்னது. அம்மணி ஒரு தடவை கூட லேட்டா சொல்றதில்லையே வின்ஸ்டா என்று கதிர்வேல் வாய்விட்டே சொல்லிவிட்டான். அடுத்த வாரம் வின்ஸ்டன் ஹெட்போன் வாங்கி வந்தான்.

அதற்குப் பிறகு ஹாலில் சத்தமே இல்லை. அவன் காதுக்குள் அவள் பேசிக்கொண்டிருந்தாள், அவன் சிரித்துக்கொண்டு ஓட்டினான். ஃபெமினா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரொம்ப நாள் பார்த்தாள். நன்றாகத்தான் ஓட்டுவான். ஆனால் ‘வெட்டாதீங்க’ வருகிற வளைவு வந்தால் வெட்டுவான், கார் புரளும், உடனே ரீஸ்டார்ட் பட்டனை அழுத்துவான். நசுங்கிய கார் பளபளவென்று மறுபடி கோட்டில் வந்து நிற்கும், பக்கத்தில் அவள் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பவும் முதல் வளைவிலிருந்து சொல்ல ஆரம்பிப்பாள். கோபம் இல்லை, கேள்வி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. அவனுக்கு வேண்டியது பெண்டாட்டியின் குரல்தான், பெண்டாட்டி சொல்ல நினைப்பது அல்ல என்று ஃபெமினாவுக்குப் புரிந்தது. குரல் போனபோது கூட அழாதவள், அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

டிவியில் மகள் குரல் கேட்கிறதாம் என்று பிரகாசத்துக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். இந்தக் காலத்தில் டிவியில் எதையும் எப்படியும் பேசவைக்கலாம் என்று அவர் தள்ளிவிட்டார். அவர் வருவது ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுநாளில் விளையாட்டு கூடாது என்று கட்டளை போட்டிருந்தவரும் அவரே. ஆக, கேட்க வேண்டிய ஒரே ஆள் கேட்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை சாயந்தரம் ஃபெமினா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டு வாசலில் போய் நின்று, இன்னொரு ஹெல்மெட்டை நீட்டினாள். என்ன கண்ணு, எதுக்கு என்று இரண்டு மூன்று முறை கேட்டார். அவள் நீட்டிய கையை மடக்கவே இல்லை. கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினார்.

வின்ஸ்டன் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். ஃபெமினா நேராகப் போய் ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். ஹால் முழுக்க இன்ஜின் சத்தம் நிறைந்தது. அவன் திரும்பிப் பார்த்தான், மாமா நிற்கிறார். அணைத்திருக்கலாம். அணைத்தால் ஏன் அணைத்தாய் என்று கேட்பார். எழுந்திருக்கவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் அவன் கழுத்து வியர்த்ததை ஃபெமினா பின்னாலிருந்து பார்த்தாள். திரையில் வர வேண்டியது ஏதோ ஐரோப்பாக் காடு. வந்தது தென்னந்தோப்பு. இடது கையில் வாய்க்கால், வலது கையில் கம்பிவேலி, பொள்ளாச்சி மண்ணின் அதே சிவப்பு. யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. கார் கிளம்பிவிட்டது, குரலும் கிளம்பிவிட்டது.

“எடது அஞ்சு.”

“எடது அஞ்சு,” என்றார் பிரகாசம். அவர் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. காதில் விழுந்தால் திருப்பிச் சொல்லும் வாய் அது.

“நேரா வாங்க, எடது மூணு, சின்னப் பாலம்.” அதையும் திருப்பிச் சொன்னார். அடுத்ததையும் சொன்னார். மகள் சொல்ல, அப்பா திருப்பிச் சொல்ல, கார் ஓடியது. சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிர்ந்தது, கை தானாக எதையோ பிடித்துக்கொள்ளத் தேடி நாற்காலி முதுகைப் பிடித்தது.

“வலது நாலு, வெட்டாதீங்க.”

“வலது நாலு, வெட்டாதீங்க,” என்றார் பிரகாசம். வளைவு இன்னும் வரவில்லை. ரோடு நேராகக் கிடந்தது, ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற அளவுக்கு நேரம் இருந்தது. வின்ஸ்டன் சொன்னபடி போயிருக்கலாம். பழகிய கை கேட்கவில்லை, அவன் வெட்டினான். மட்டைக்கு அடியில் கல் இருந்தது. கார் புரண்டு வாய்க்காலுக்குள் போய் உட்கார்ந்தது. அவன் ரீஸ்டார்ட்டை அழுத்தினான், திரும்பவும் அழுத்தினான். கவிழ்ந்த கார் அப்படியே கிடந்தது.

பிரகாசம் திரையிலிருந்து மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

“நான் திருப்பிச் சொல்றதுக்கே நேரம் இருந்துதே, மாப்ள.”

“ஆமாங்க, மாமா,” என்றான் வின்ஸ்டன். ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். “அன்னிக்கும் நேரத்துக்குத்தானுங்க சொன்னா.”

அந்த நொடியில் குரல் ஃபெமினாவிடம் வந்துவிட்டது. தொண்டையில் சூடாக ஏதோ இறங்கியதுபோல இருந்தது, அவ்வளவுதான். இத்தனை நாளாக அவள் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தது ஒரு லாரி லோடு இருக்கும். வாய்க்கு வந்தது ஒன்றுதான், அதையும் சத்தம் போடாமல் சொன்னாள்.

“நான் சொன்னதை நீங்க ரெண்டு பேருமே கேக்கலீங்க.”

பிரகாசம் வாசலுக்குப் போய் செருப்பைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு டிவியில் இங்கிலாந்துக்காரன் வந்து பேசினான். அவன் சொல்வது வின்ஸ்டனுக்குப் புரியவில்லை, பெட்டியைக் கதிர்வேலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். கிளப்பில் எல்லாருக்கும் அவனே போய்ச் சொன்னான். சொல்லாவிட்டாலும் கதிர்வேல் சொல்லியிருப்பான். ஃபெமினா சர்ச்சில் பாடினாள். அடுத்த சீசனில் பீளமேட்டு நவ்யா என்கிற பெண் ஓட்ட, இவள் வளைவு சொன்னாள். நவ்யா, சொன்னதைக் கேட்கிற பெண்.

வீட்டை விட்டு அவள் போகவில்லை. போவாள் என்று தெருவில் சிலர் எதிர்பார்த்தார்கள். வின்ஸ்டனோடு பேசவும் செய்தாள். கேஸ் தீர்ந்துவிட்டது, மழை வருகிறது துணியை எடுங்க, அத்தைக்குக் காய்ச்சல், எல்லாம் சொன்னாள். காரில் போகும்போது மட்டும் முன் சீட்டில் உட்காருவதில்லை. பின் கதவைத் திறந்து ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்ப்பாள். அவள் முன் சீட்டை விட்ட நாளிலிருந்து வின்ஸ்டனுக்கு ரோடு எதுவும் தெரியாமல் போய்விட்டது. பிறந்து வளர்ந்த போத்தனூரில், ஸ்டேஷன் ரோட்டு முக்கில் கூட வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, “ஏனுங்க, எங்க ஊட்டுக்கு எப்படிங்க போறது?” என்று கேட்பான். போனில் மேப் போட்டால் அதுவும் அவனுக்கு வாய் திறப்பதில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவளும் சொல்வதில்லை. ஆரம்பத்தில் ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள், இப்போது சிரிப்பதில்லை. டீக்கடைக்காரர், பூக்காரம்மா, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், யாராக இருந்தாலும் நின்று வழி சொல்லிவிட்டுப் போகிறார்கள். யார் என்ன சொன்னாலும் அவன் முழுசாகக் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்ன இடத்தில், சொன்ன பக்கம் திரும்புகிறான்.