மூன்றாம் ஓலை

ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் சென்னைப் பட்டணத்தில் குண்டு போட்ட செய்தி புதன்கிழமை ஏரலுக்கு வந்தது. மறுநாள் அது பக்கத்திலிருந்த கெசியாவின் ஊருக்கு வந்து சேர்வதற்குள், கப்பல் தாமிரபரணிக்குள்ளேயே திரும்பியிருந்தது. ஆற்றில் அப்போது முழங்கால் தண்ணீர்; எருமைகளே படுத்துத்தான் முதுகை நனைத்துக்கொண்டன. அதையெல்லாம் யோசிக்க யாருக்கும் பொழுதில்லை.

சபைக் கமிட்டி அவசரமாகக் கூடியது. சத்தம் கேட்டால் ஜெர்மன்காரனுக்கு ஊர் இருக்கும் இடம் தெரிந்துவிடுமாம். தேவாலய மணியின் நாக்கில் சாக்கைச் சுற்றிக் கட்டினார்கள். அடுத்த தீர்மானம், மேற்கே மலையடிவாரத்துப் பாபநாசத்துக்கு ஓடுவது. சிவன் கோயில் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காதவர்கள், பாபநாசக் கோயில் மண்டபத்துக் கல் எவ்வளவு கனம் என்று இப்போது மெச்சிக்கொண்டார்கள். கமிட்டித் தலைவர் வேதநாயகம் போன ஞாயிறுதான் ‘பயப்படாதே’ என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்திருந்தார். முதலில் கிளம்பிய வண்டி அவருடையது.

கெசியா வண்டி ஏறவில்லை. அவளுக்கும் சாத்தான்குளத்து வாத்தியார் சத்தியநேசனுக்கும் அடுத்த புதன்கிழமை கல்யாணம். அதற்கு முன் மூன்று ஞாயிறு சபையார் முன்னால் கல்யாண ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்டாக வேண்டும். இரண்டு முடிந்து, மூன்றாவது பாக்கி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை இலங்கைக் கண்டித் தோட்டத்துப் பள்ளிக்கூட வேலைக்குக் கப்பல் ஏறுகிறார், அதுவும் எம்டன் உலாவுகிற அதே கடலில். அந்தப் புதன் தவறினால் இனி மூன்று வருஷம் கழித்துத்தான். செய்தி வந்தபிறகு அவரிடமிருந்து கடிதமும் இல்லை. அவரும் ஓடிவிட்டாரோ என்னவோ!

எட்டு வருஷத்துக்கு முன்னாலும் கெசியாவுக்கு இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவதற்குள் அந்த மாப்பிள்ளையைக் காலரா கொண்டுபோய்விட்டது.

“ஏட்டி, உசுரு இருந்தாத்தான கல்யாணம்! ஏறு!” வண்டியில் உட்கார்ந்தபடி அவள் அம்மா சாரம்மாள் கத்தினாள்.

“நீ போம்மா. எனக்கு ஞாயித்துக்கெழம சோலி இருக்கு.”

மகளையும் ஜெர்மனியையும் சேர்த்து வைதுகொண்டே சாரம்மாள் இறங்கினாள்.

குருவானவருக்குப் பதிலாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் அப்பாத்துரையும் ஊரில்தான் இருந்தார். தைரியத்தால் அல்ல, ஓடிப்போகக் குருவானவரின் அனுமதிக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை.

“ஆளில்லாம ஓலை வாசிச்சா செல்லாதுளா. சபை திரும்பி வந்ததும் மொத ஓலையில இருந்து ஆரம்பிப்போம்” என்றார்.

“ஆளுதான வேணும்?” என்று கெசியா கிளம்பினாள்.

அவளுக்குப் பயமில்லை என்றால் பொய். கிழக்கே இடி இடித்தாலே கப்பலோ என்று வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். ஆனால் காத்திருந்து காத்திருந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

ஆற்றங்கரை வயலில் கார் நெல் அறுப்பு. முத்துமாலை, அவன் மனைவி சுடலைவடிவு, இன்னும் பதினைந்து பேர். இவர்கள் ஓடவில்லை. நெல் முற்றி நின்றது, ஓடினவர்களுடைய நெல்லும் சேர்த்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கஞ்சி குடிக்கிற நேரத்தில் எல்லாரும் அரிவாளும் கையுமாகத் தேவாலயத்துக்குள் வந்தார்கள். வேதநாயகத்தைத் தவிர யாரும் உட்காராத முதல் பெஞ்சில் சுடலைவடிவு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இவங்க நம்ம சபை இல்லையேளா!” என்று பதறினார் அப்பாத்துரை.

“ஓடிப்போனவங்கதான் சபைன்னா, பாபநாசத்துல போயி வாசிங்கய்யா” என்றாள் கெசியா.

உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். “இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் உண்டென்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள். இது மூன்றாம் முறை.”

முத்துமாலை எழுந்து நின்றான். கெசியா திரும்பி அவனைப் பார்த்தாள்.

“புதங்கெழம மேலவயல் அறுப்புய்யா. சாயங்காலமா வச்சியள்னா நாங்களும் வருவோம்.”

உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். “அதுக்குள்ள கப்பல் வந்துட்டுன்னா?”

“வரட்டுமேய்யா. அறுப்புக்கு ஆள் பத்தாமதான கெடக்கு.”

கெசியா சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. முத்துமாலையின் அரிவாளை வாங்கிக்கொண்டு வெளியே போய், மணியின் நாக்கில் சுற்றியிருந்த சாக்கை அறுத்துப் போட்டாள்.

“ஏட்டி, கப்பல்காரனுக்குக் கேட்டுரும்!” என்று சாரம்மாள் ஓடி வந்தாள்.

“கேக்கட்டும்மா. சாத்தான்குளத்துக்குக் கேக்கணும்” என்று சொல்லிக் கெசியா கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.