சம்பளத்துக்கு வந்தவள்

தேவநேசன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததை ரஞ்சனிக்குப் போனில் சொன்னவன் கனடாவில் இருக்கும் தம்பி ஜெர்சன்.

"அக்கா, எந்த ஹோம் நர்ஸும் அப்பாகிட்ட நிக்க மாட்டேங்கறாங்க. பழசையெல்லாம் விட்டுட்டு நீ போய்ப் பாரேன்."

"போறேன்," என்றாள் உடனே. அவன் நெகிழ்ந்துபோனான். அவளுக்கு அதில் நெகிழ ஒன்றுமில்லை.

ஓவேலியில் எஸ்டேட் லாரி ஓட்டும் லோகுவை அவள் வீட்டை மீறிக் கட்டிக்கொண்ட பிறகு, தேவநேசன் அருவங்காடு ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஜெகதளாவில் வீடு கட்டினார். புது ஊரிலும் புது சபையிலும் தனக்கு ஒரே மகன் என்று சொல்லி வைத்தார். அம்மா இறந்ததை யார் மூலமோ கேள்விப்பட்டு ரஞ்சனி ஓடி வந்தபோது, வாசலிலேயே மறித்தார்.

"யாருங்க நீங்க? ஊடு மாறி வந்துட்டீங்க போல."

அத்தனை பேர் முன்னால், துளியும் பதறாத குரலில். இரண்டு பேர் அவளை மரியாதையாகவே ரோட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அம்மாவின் சவப்பெட்டி போவதைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று பார்த்தாள்.

இப்போது அதே வாசலில் பையோடு நுழைந்தாள்.

வேலையில் குறை வைக்கவில்லை. கஞ்சி, மாத்திரை, வெந்நீரில் உடம்பு துடைப்பது எல்லாம் நேரத்துக்கு நடந்தது. 'அப்பா' மட்டும் வாயில் வரவில்லை. "ஐயா, திரும்பிப் படுங்க. ஐயா, வாயத் திறங்க." அவர் முதலில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மத்தியானம், "ரஞ்சனி... கண்ணு," என்றார்.

"யாருங்க ஐயா அது?" என்றபடி போர்வையை இழுத்துவிட்டாள்.

சனிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு ஆயரும் சபையாரும் வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தேவநேசன், பாட்டு முடிந்ததும் அவளைக் கைகாட்டினார்.

"இவ என் மக. மூத்தவ. நான்தான் மறைச்சுட்டேன்."

எல்லோரும் ரஞ்சனியைப் பார்த்தார்கள். அவள் டீத் தட்டை ஆயரிடம் நீட்டினாள்.

"விழுந்ததுல இருந்து ஐயாவுக்கு நெனப்பு தப்பிப் போகுதுங்க," என்றாள். "நான் சம்பளத்துக்கு நிக்கறவ. இவங்களுக்கு ஒரே பையன்தானுங்களே?"

"ஒரே பையன்தான்," என்றார் ஆயரின் மனைவி. "பாவம், தனிமை."

"பொய் சொல்றா!" என்று தேவநேசன் கத்தினார். கத்தக் கத்த அவர்கள் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். ஆயர் அவர் தலையில் கைவைத்து, புத்தித் தெளிவுக்காக ஜெபித்தார். சமையலறையில் டம்ளர்களைக் கழுவிய ரஞ்சனிக்கு நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. வருஷக்கணக்காகக் காத்திருந்த குளிர்ச்சி அது.

எல்லோரும் போனபின் அவர் கூப்பிட்டார். கண்ணீர் காய்ந்திருந்தது. குரல் அன்று வாசலில் கேட்ட அதே குரல்.

"உங்கம்மா கடைசியில உன்னத்தான் கேட்டா. தெரியுமா? 'கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டா'ன்னு சொன்னேன். நம்பிட்டுத்தான் போனா."

ரஞ்சனி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பட்டதா என்று.

புது ஆளாக பிரீத்தி வந்து சேரும்வரை இருந்தாள். வேளாவேளைக்கு ஊட்டினாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "ரஞ்சனி, போகாத," என்றார். நிற்கவில்லை.

நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அம்மாவின் சிலுவையைத் தேடிக் கண்டுபிடித்து அதன்முன் உட்கார்ந்தாள்.

"என்னைய யாரும் கூப்பிடவே இல்லம்மா. கூப்பிட்டிருந்தா நடந்தாவது வந்திருப்பேன்."

சத்தமாகச் சொன்னாள். புல் வெட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் சொன்னாள்.

போன் அடித்தது. ஜெர்சன்.

"அப்பா அழுதுட்டே இருக்காராம்க்கா. ஒரே ஒருதடவை அப்பான்னு கூப்பிட்டுப் பேசிடு."

"அழட்டும்," என்று சொல்லிவிட்டு, வீடு திரும்பக் கூடலூர் பஸ் பிடிக்க நடந்தாள்.