எவன் தோட்டத்துத் தார்?

முசிறி வெள்ளைச்சாமியின் மகள் கலைமதி, திருச்சிக் கல்லூரி ஒன்றில் நாடக மேடை வடிவமைப்புப் படிக்கிறாள். அதாவது, திரைக்கு முன்னால் மற்றவர்கள் நடிக்க, பின்னால் நின்று இவள் வீடு கட்டுவாள், மரம் நடுவாள், மழை பெய்யவைப்பாள். இதை ஊரில் சொல்லிப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். "பொண்ணு என்ன படிக்குது?" என்று யாராவது கேட்டால் வெள்ளைச்சாமி, "ஏதோ டிராமாவாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். முதல் வருடம் அவள் தெர்மகோலில் கோயில் தூண் ஒன்று செய்து போட்டோ அனுப்பினாள். "பொங்கலுக்கு வரும்போது கொண்டா. கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்றாரே மனுஷன்! அந்தப் பேச்சு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது கடைசி வருடம். சென்னை நாடகக் குழு ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வேலை சரி, சம்பளம் சரி, அப்பாதான் சரிப்பட்டு வரவில்லை. "பரீட்சை நாடகத்தை வந்து பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன். எனக்குத் திருப்தி இல்லைன்னா, நம்ம மண்டியில கணக்கு எழுத ஆள் வேணும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். வெள்ளைச்சாமிக்கு வாழைத்தோட்டமும் உண்டு, வாழைக்காய் மண்டியும் உண்டு. காலை முதல் அந்தக் கூச்சலில் உட்கார்ந்திருக்கக் கலைமதி தயாராக இல்லை.

நாடகம் ஒரு கல்யாண வீட்டுக் கதை. பந்தல் வாசலில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை நிற்க வேண்டும். ஆனால் மேடையில் இருப்பதெல்லாம் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது பரீட்சை விதி. ஸ்ரீரங்கத்தில் சிநேகிதி மைத்ரேயியின் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, ஸ்பாஞ்சை வெட்டி, துணி ஒட்டி, வர்ணம் தீட்டி, இரண்டு வாழை மரங்களும் அவற்றில் மாட்ட இரண்டு பூவன் தார்களும் செய்து முடித்தாள் கலைமதி. துணி உலர்த்த வந்த மைத்ரேயியின் அம்மா வத்ஸலா, "ஏண்டி, பெருமாளுக்கே அமுது கண்டருளப் பண்ணிடலாம் போல இருக்கே!" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அப்பா போன் செய்தார். "கல்யாண டிராமாவாமே. நம்ம தோட்டத்துல நல்ல தாரா ரெண்டு மரம் வெட்டி வேன்ல ஏத்திட்டு வரவா?"

அப்போதே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். கோழிக்கூண்டு ஞாபகம் வந்து நாக்கைக் கட்டிப்போட்டது. "வேணாம்ப்பா. எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சு" என்றாள்.

"சரி" என்று படக்கென்று போனை வைத்துவிட்டார். வாழைக்காரரைப் பார்த்து உன் வாழை வேண்டாம் என்பது, சம்பந்தி வீட்டில் இலை போட்டதும் எழுந்து போகிற மாதிரி. படித்த பெண்ணுக்கு இது உறைக்கவில்லை, பாருங்கள்.

பரீட்சை நாளும் வந்தது. கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட்டில் நின்றாள் கலைமதி. திரைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள் இருட்டோடு இருட்டாக இருக்க வேண்டும், விரல் நுனி தெரிந்தாலும் மார்க் போச்சு. திரை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். முன்வரிசையில் அப்பா, பக்கத்தில் பட்டுப்புடவையில் அம்மா காளியாயி. அப்பாவின் கண் நடிகர்கள் மேல் இல்லை. பந்தல் வாழையையே முறைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஸ்பாஞ்ச் என்று கண்டுபிடித்துவிட்டார், சென்னை அவ்வளவுதான் என்று நினைத்தாள் கலைமதி. அழுகையை விழுங்கிக்கொண்டே கயிறு இழுத்தாள், விளக்குப் பக்கம் இருந்த மைத்ரேயிக்குச் சைகை கொடுத்தாள், மணமேடையை மாற்றினாள். வேலையில் ஒரு பிசகு இல்லை.

திரை மூடியது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ரஷீதா மேடம் மார்க் போட மேடைக்கு ஏறினார். அவரைத் தாண்டிக்கொண்டு திடுதிடுவென்று ஏறினார் வெள்ளைச்சாமி. பின்னாலேயே காளியாயி.

"எவன் தோட்டத்துத் தார் இது?"

"அப்பா, மெதுவா..."

"நான் உசுரோட இருக்கேன், நீ எவன்கிட்டயோ போய் வாழை வாங்கியிருக்க! அப்பன் தோட்டத்துத் தார் உன் மேடைக்கு ஆகாதோ?"

கலைமதி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் ஒரு காயில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். வாழைக்காரர்கள் கை சும்மா இருக்காது. நகத்தால் கீறி, பால் வடிவதைப் பார்த்துத்தான் காயை எடைபோடுவார்கள். இதில் பால் வரவில்லை. விரல் உள்ளே அமுங்கிவிட்டு வெளியே வந்தது. இன்னொரு காயை அழுத்தினார். பிறகு நல்ல பாரம் இருக்கும் என்று மூச்சைப் பிடித்துத் தாரைத் தூக்க, அது மரத்திலிருந்து கழன்று தலைக்கு மேலே போய்விட்டது.

"அடியாத்தி!" என்றாள் காளியாயி.

"ஸ்பாஞ்சுப்பா. நான்தான் செஞ்சேன். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லலை" என்றாள் கலைமதி. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. தாரைப் பிள்ளை மாதிரி கையில் ஏந்திக்கொண்டு ரஷீதா மேடத்தின் பக்கம் திரும்பினார். "அம்மா, மார்க்கைக் குறைச்சுடாதீங்க. அந்த நகக்குறி என்னுது."

"இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாங்க" என்று சிரித்தார் மேடம்.

"அப்ப மெட்ராஸ்?" என்றாள் கலைமதி, மெல்ல.

"இரு. பெத்தவன் கண்ணு ஏமாறும். அதை வெச்சு முடிவெடுக்க முடியாது. இந்தத் தாரை நான் கொண்டுபோறேன்." வேனில் அதை மடியில் வைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார். கலைமதி அன்றைக்கு ராத்திரி முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் போன் அடித்தது. பின்னால் மண்டிக் கூச்சல்.

"மதி, நம்ம தாருங்களோட இதையும் சேத்துச் சாத்தி வெச்சேன். மண்ணச்சநல்லூர் யாவாரி தமிழ்மணி இருக்காருல்ல, சொந்தத் தம்பியைக்கூட நம்பாத ஆளு. வரிசையாப் பாத்துட்டே வந்தவரு இதுக்கிட்ட வந்து நின்னுட்டாரு. 'வெள்ளைச்சாமி, இது உன் தார் மாதிரி இல்லையே, எவன் தோட்டத்துது?'ன்னு கேக்குறாரு."

"ஐயோ! நீங்க என்னப்பா சொன்னீங்க?"

வெள்ளைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மெட்ராஸ்ல வேலை பாக்குற எம் பொண்ணு தோட்டத்துதுன்னு சொல்லிட்டேன். போய்ச் சேந்துடும்மா, அப்பன் பேச்சு பொய்யாயிடக் கூடாது."