ஈரப் பஞ்சு

அவசரத்துக்குப் பேர்போனவன் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவனை எல்லோரும் ‘எக்ஸ்பிரஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சின்னத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத சிலந்தியைப் பாறை இடுக்கில் பார்த்ததும் அவன்தான். முட்டையிடப் போகிற பெண் சிலந்தி. உயிரோடு கொண்டுவந்து குஞ்சு பொரிக்கவைத்து அந்த இனத்தைப் பெருக்குவதாகத் திட்டம்.

இப்போது, பிடித்துப் போட்ட கண்ணாடிக் குழாய்க்குள் அது கால்களை மடக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது.

“விடுடா. படகு போட்ட ஆட்டத்துல எனக்கே குடல் வாய்க்கு வந்துடுச்சு, அது என்ன பண்ணும் பாவம்,” என்றார் கூடத்தை நடத்தும் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி. அவருக்குக் கடும் ஜலதோஷம். “உயிரோட கொண்டுவர்றது சரிப்படாதுன்னு எழுதிடறேன். இனிமே யாரும் முயற்சி பண்ண வேண்டாம்.”

குழாயை அடைத்திருந்த பஞ்சின் நெடி அவன் மூக்கில் ஏறியது. உயிருள்ள சிலந்தி வழியில் காய்ந்துபோகாமலிருக்கப் பஞ்சைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். செத்ததைப் பதப்படுத்தத்தான் ஆல்கஹால். பிடித்துவிட்ட குஷியில் கத்திக்கொண்டே, பையில் கைக்கு அகப்பட்ட பாட்டிலைத் திறந்து நனைத்திருந்தான்.

“எழுதாதீங்கக்கா.” தலை தானாகத் தொங்கியது. “படகு ஒண்ணும் பண்ணல. தண்ணின்னு நினைச்சு ஆல்கஹாலை ஊத்திட்டேன்.”

அக்கா எழுத ஆரம்பித்திருந்த வரியை அடித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“சரி, திரும்பப் போவோம். நீ தேடு,” என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். “பஞ்சை நான் நனைச்சுக்கறேன்.”